இறக்கத்தில் பேச்சு கேட்காத கியர்

லாரியை ஓட வைக்கிறவனைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஓடுகிற லாரியை மெதுவாக்கிக் கொடுக்கிற எங்கள் வேலைக்கு அந்தக் கும்பிடு கிடையாது.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடலோர ஊரில், விழுப்புரம் ரோட்டில் ஒரு கனரக வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். என்னிடம் வருவதெல்லாம் கிளட்ச் பெடல் இல்லாத புதுக் காலத்து லாரிகள். இவற்றில் கியரை ட்ரைவர் மாற்றுவதில்லை, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் மாற்றுகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே சக்கரங்களைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அதற்குப் பெயர் இன்ஜின் பிரேக். அது நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் கியரும் கூடவே கீழே இறங்கிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று முரண்டு பிடித்தாலும் கால் பிரேக்கை மட்டும் நம்பி அத்தனை டன் லோடோடு மலையிலிருந்து இறங்க வேண்டியதுதான். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், புகையும், கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. லாரி ஓட்டுகிறவர்களே, கடன்பட்டு லாரி வாங்கியவர்களே, என்னைப் போல ரிப்பேர் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

ரப்பர் மேட்

காலாப்பட்டிலிருந்து ஒரு ஓனர் வந்தார். அவருக்கு இருப்பது ஒரே லாரி. இன்ஜின் பிரேக் ஒரு நாள் பிடிக்கிறது, ஒரு நாள் பிடிக்கவில்லை என்றார். ட்ரைவர் இதை முன்பே சொல்லியிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் ஸ்விட்சைப் போட மறந்துவிட்டுக் கதை விடுகிறான் என்று நினைத்து, ஓனர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பிறகு தானே ஓட்டிப் பார்த்தார். இவர் ஓட்டியபோதும் இன்ஜின் பிரேக் பிடிக்கவில்லை.

நானும் எங்கள் எலக்ட்ரீஷியன் தனசேகரும் காலையிலிருந்து ஒயரைப் பிரித்தோம், வால்வைக் கழற்றினோம், மறுபடி மாட்டினோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாப்பிடப் போகலாம் என்று இறங்கும்போதுதான் தனசேகர் காலடியைக் கவனித்தான். தடிமனான ரப்பர் மேட் ஒன்று போட்டிருந்தது. அதன் விளிம்பு சுருண்டு ஆக்சிலேட்டர் பெடல்மேல் ஏறியிருந்தது. காலை எடுத்தாலும் பெடல் முழுதாக மேலே வரவில்லை. ட்ரைவர் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு இன்ஜின் பிரேக்கைத் தராமல் இருந்திருக்கிறது. மேட்டை உருவி வெளியே போட்டோம், வேலை முடிந்தது.

ஓனர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கீழே கிடந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி அழுக்காகிறது என்று அதை வாங்கிப் போட்டதே அவர்தானாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "என் நம்பரப் பாத்தா அந்த ட்ரைவர் எடுக்க மாட்டேங்கறான் சார். உங்க போன்ல இருந்து ஒரு வாட்டி போட்டுக் குடுங்களேன்."

ஃப்ரேன் மொத்தேர்

மணல் அடிக்கிற டிப்பர் ஒன்று வந்தது. கூடவே ஓனரும், ஓனருடைய அப்பாவும். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, காலில் பளபளவென்று ஷூ. கிரீஸ் படிந்த எங்கள் ஷெட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். மகன் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் புகாரைப் பெரியவரே சொன்னார். "இறக்கத்துல கியரைக் கீழ இழுத்தா எடுத்துக்கல முசியே. கியர் நம்பர் மட்டும் மின்னுது. இன்ஜின் பிரேக்க அங்க நாங்க ஃப்ரேன் மொத்தேர்னு சொல்லுவோம். அது இல்லாம மலை எறங்கக் கூடாது."

வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு வேகத்தில் சின்ன கியருக்கு இறங்கினால் இன்ஜின் தாங்க முடியாத சுற்றுக்குப் போய் உடைந்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் மறுக்கிறது. முதலில் கால் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டால் தரும். இதை விளக்கினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப நான் கேக்கறது அதுக்குத் தெரியும்?" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சும் தராது?" தராது என்றேன்.

அதற்குள் மகன் வந்து, "நீ எதுக்குப்பா இதெல்லாம் பேசிக்கிட்டு, போய் கார்ல ஒக்காரு" என்றார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். என்னைக் கடக்கும்போது, மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "வூட்லயும் இதே கதைதான் முசியே. நான் சொல்றது காதுல வுழும், எடுத்துக்க மாட்டாங்க."

உப்பு

குருசுக்குப்பம் மீனவக் குடும்பத்து அக்கா ஒருவர் மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் குளிர்பெட்டி லாரி விடுகிறார். போன வருஷம் அந்த வண்டி கேரளா போகிற வழியில் நடுரோட்டில் கியர் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. வேறு வண்டி பிடித்து மாற்றுவதற்குள் வஞ்சிரம் முழுக்கக் கெட்டுப்போனது. இழுத்துக்கொண்டு வந்து எங்கள் ஷெட்டில் விட்டார்கள். அடியில் படுத்துப் பார்த்தேன். பெட்டியிலிருந்து மீன் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் வருஷக்கணக்காகச் சொட்டிச் சொட்டி, கியர்பாக்ஸ் ஒயர் சேருகிற இடம் பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நாற்றத்தில் தனசேகர் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டான். அக்காவுக்கு அது நாற்றமாகவே தெரியவில்லை. குனிந்து அந்தப் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்புலயே பொழைக்கற எங்களுக்கு, உப்பு ஆவாத வண்டியா பாத்துத் தலையில கட்டிட்டாங்களே தம்பி."

சுவரில் மாட்டிய போட்டோ

ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் மாதாமாதம் டீசல் மிச்சம் பிடிக்கிற ட்ரைவரின் போட்டோவைப் பெரிதாக அடித்து ஆபீஸ் சுவரில் மாட்டுவார்கள். பல மாதமாக அங்கே தொங்கியது ஒரே முகம். அவருடைய வண்டிதான் பிரேக் புகைகிறது, இன்ஜின் பிரேக் வேலை செய்யவில்லை என்று வந்தது. சக்கரத்தைக் கழற்றினால் டிரம் சூட்டில் நீலம் பாரித்து, உள்ளே வெடிப்பு விட்டிருந்தது. ஆனால் இன்ஜின் பிரேக்கை ஓட்டிப் பார்த்தபோது சிங்கம் மாதிரி பிடித்தது.

"இறக்கத்துல நியூட்ரல்ல விடறீங்களா?" என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். கழற்றி வைத்த டிரம்மைக் காட்டினேன். டீசல் மிச்சமாகுமே என்றுதான் விட்டேன் என்றார். நியூட்ரலில் விட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துபோகும். பிறகு இன்ஜின் எப்படிப் பிடிக்கும்? இன்னும் ஒரு மலை இறங்கியிருந்தால் இந்த டிரம் தாங்கியிருக்காது என்று சொன்னேன். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் பயந்தது வேறு எதற்கோ. ஆள் இல்லாத பக்கமாக என்னைக் கூட்டிப்போய்க் கேட்டார்: "இனிமே அப்படி வுட மாட்டேன் சார், ஆனா போட்டோவ எடுத்துடுவாங்களா? எம் பொண்ணு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கு."

டவர் இல்லாத இடம்

ஒரு மத்தியானம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்ததும் இன்ஜின் சத்தம், அதற்குமேல் ஒரு கத்தல். பேசியது கிளீனர். ஏதோ மலை இறக்கத்தில் இருக்கிறார்கள். வண்டி வேகம் எடுக்கிறது, கியர் இறங்கவில்லை, பிரேக் வாடை அடிக்கிறது. ட்ரைவர் போன வாரம் எங்களிடம் சர்வீஸுக்கு வந்தவர், அந்த நினைப்பில் என் நம்பரைப் போடச் சொல்லியிருக்கிறார். போனை அவர் காதருகே வைக்கச் சொன்னேன். "சின்னச் சின்னதா மிதிக்காதீங்க. ஒரே வாட்டி பலமா மிதிச்சு வேகத்தக் கொறைங்க. மேனுவல்ல போட்டு கியரைக் கீழ இழுங்க. நம்பர் மாறினதும் கால எடுத்துடுங்க" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "மாறல சார்" என்றார். "இன்னும் மிதிங்க" என்றேன். அப்போது லைன் அறுந்தது.

திருப்பிப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். தனசேகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் டீயும் ஆறி ஆடை கட்டியது. நான் சொன்னது சரிதானா என்று எனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சரிதான். ஆனால் அங்கே டிரம் எவ்வளவு வெந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஷெட்டுக்குத் திரும்பினோம். கையில் எடுத்த ஸ்பேனரை எதற்கு எடுத்தேன் என்று மறந்துபோனது. வெகுநேரம் கழித்துப் போன் வந்தது. "டவர் போயிடுச்சு சார். எறங்கிட்டோம். சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார் ட்ரைவர், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். தனசேகர் அழுகிற குரலில் சொன்னான்: "உன் நம்பர இனிமே யாருக்கும் குடுக்காதண்ணா. எனக்கு நெஞ்சு தாங்கல."

மேடு இல்லாத ஊர்

மலை இறக்கத்தில் வருகிற கோளாறைக் கண்டுபிடிக்க மலை வேண்டும். எங்கள் ஊரில் இருப்பது கடலும் அதற்கு மட்டமான தரையும்தான். லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்க எனக்கு வாய்த்த ஒரே இறக்கம் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம். ஏறி மூச்சு விடுவதற்குள் இறங்கி முடிந்துவிடும். முருகையன் என்கிற ட்ரைவர் இன்ஜின் பிரேக் பாதியில் விட்டுவிடுகிறது என்று மறுபடி மறுபடி வந்தார். நான் மறுபடி மறுபடி அந்தப் பாலத்தில் ஓட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினேன். எங்கள் சூப்பர்வைசர் அவரைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்தார். கடைசியில், ஓசூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு சேலம் வழியாகத் திரும்புகிற நடையில் நானும் வருகிறேன் என்று சொல்லி, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

தொப்பூர் இறக்கம் தொடங்கியபோது நல்ல வெயில். இன்ஜின் பிரேக் உறுமிக்கொண்டு பிடித்தது. கியர் தானாக இறங்கிக் கொடுத்தது. இந்த ஆளுக்கு வீண் பயம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி இறக்கம் தாண்டியிருப்போம். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று கண்ணடித்தது. உறுமல் சட்டென்று நின்றது. அந்த அமைதியை என்னால் விவரிக்க முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி லாரி முன்னால் பாய்ந்தது. எங்களுக்கு முன்னே ஒரு டேங்கர் ஊர்ந்துகொண்டிருந்தது. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. முருகையன் பிரேக்கை மிதித்தார். பலமாக ஒரு மிதி, விட்டு மறுபடி ஒரு மிதி. வாடை கேபினுக்குள் வந்தது. டேங்கரை ஒட்டி மெதுவாகி, அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஊர்ந்த பிறகு விளக்கு தானாக அணைந்தது, உறுமல் திரும்பி வந்தது.

அடிவாரத்தில் ஓரம் கட்டினோம். லேப்டாப் காட்டிய சக்கரத்தின் பக்கம் போனேன். சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று கவனிக்கிற சென்சாரின் ஒயர், டிரம் சூடேறும்போதெல்லாம் இளகித் தொடர்பை விட்டுக்கொண்டிருந்தது. சக்கரத்தின் செய்தி வராவிட்டால், வழுக்கிவிடும் என்று பயந்து கம்ப்யூட்டர் இன்ஜின் பிரேக்கை நிறுத்திவிடும். சூடு ஆறினால் தொடர்பு திரும்பிவிடும். பாலத்தில் டிரம் எங்கே சூடாகப் போகிறது? மாற்றுவதற்கு அரை மணி வேலைதான், ஆனால் ஸ்க்ரூவைத் துளைக்கு வெளியே வைத்தே திருகிக்கொண்டிருந்தேன். முருகையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குற்றம் சொல்கிற முகமாக இல்லை, ஆறுதல் சொல்கிற முகமாகத்தான் இருந்தது. "ஒரு வாட்டிக்கே ஒங்களுக்கு இப்படி ஆயிடுச்சே சார். நான் ஒவ்வொரு நடையும் இதோடதான் வூட்டுக்குப் போய்ச் சேந்தேன்."

ஃபால்ட் இல்லாத வண்டி

வேலாயுதம் என்கிற ட்ரைவர் கொண்டுவந்தது புத்தம்புது வண்டி. ஆனால் புகார் அவருடையது இல்லை, ஓனருடையது. இறக்கத்தில் வண்டி ஆமை மாதிரி ஊர்கிறது, மற்ற லாரியெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் இது வருவதில்லை, கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேலாயுதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மேம்பாலத்துக்குப் போனேன். உச்சிக்கு வருவதற்கு முன்பே அவர் கியரை மேனுவலுக்குத் தள்ளிக் கடைசிவரை கீழே இழுத்தார். இன்ஜின் பிரேக்கை முழுதாகப் போட்டார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஒரே ஹாரன். அந்தச் சின்ன இறக்கத்துக்கு அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பாலத்துக்குக் கீழே நிறுத்திவிட்டுச் சொன்னார். முன்பு ஓட்டிய வண்டியில் மலை இறங்கும்போது பெரிய கியரிலேயே விட்டுவிட்டார். வேகம் ஏறிய பிறகு கியரைக் கீழே கேட்டார், தரவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தார், நம்பர் மின்னியதே தவிர மாறவில்லை. முன்னால் போன காரில் குழந்தைகள் இருந்தார்கள். வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பினார். இடித்தது இடப்பக்கம். அங்கே உட்கார்ந்திருந்த கிளீனர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. "அவ ஒரு வார்த்தை கேக்கல சார். கேட்டிருந்தா தேவல. அவன் போட்டோவுக்கு மாலை போடுற நேரத்துல நான் வெளிய போய் நின்னுக்குவேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "எதையாச்சும் ஒரு ஃபால்ட்டு எழுதிடுங்க சார். ஒன்னும் இல்லன்னு சொன்னா என்னை நிறுத்திடுவாங்க."

எழுதியிருக்கலாம். ஆனால் இல்லாத கோளாறுக்கு நல்ல பாகத்தைக் கழற்ற வேண்டும், கழற்றிய பிறகும் வண்டி இதே மாதிரிதான் ஊரும். அவரைக் கேட்டுக்கொண்டு ஓனருக்கே போன் செய்தேன். வண்டி நன்றாக இருக்கிறது, அடிபட்டிருப்பது மனிதர், கடலூர் சென்னை என்று சமதரையில் ஓட்டக் கொடுங்கள் என்று கேட்டேன். ஓனர் கெட்டவர் இல்லை, எல்லாவற்றையும் கேட்டார். "சமதரைக்கு ஆளுங்க வரிசையில நிக்கறாங்க சார், மலைக்குத்தான் எனக்கு ஆள் இல்ல" என்று வருத்தமாகவே சொன்னார். வேலாயுதம் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலாப்பட்டு பக்கம் போயிருந்தேன். ஈசிஆரில் ஒரு காலேஜ் பஸ் என்னை ஒட்டி வந்து நின்றது. மேலே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். வேலாயுதம். முகம் கொஞ்சம் தேறியிருந்தது, முடி முழுக்க நரைத்திருந்தது. பழைய பஸ். கிளட்ச் பெடல் இருந்தது, வழவழவென்று தேய்ந்த நீளமான கியர் ராடு இருந்தது. வண்டி எப்படி என்று கேட்டேன். இழுவை சுமார்தான், மலை கிலை கிடையாது, பிள்ளைகள் கத்தாமல் இருந்தால் சரி என்றார். வீட்டில் எப்படி என்று கேட்க வாய் வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். புறப்படும்போது கியர் ராடை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இதுல கியர் போடறது நான்தான் சார். தப்பாப் போட்டாலும் நான் போட்டதுதான்."

இத்தனை வருஷத்தில் இன்ஜின் பிரேக் நன்றாகப் பிடித்தது, நிம்மதியாக இறங்கினேன் என்று சொல்ல ஒரு ஆள்கூட எங்கள் ஷெட்டுக்கு வந்ததில்லை, அப்படி இறங்கியவர் வண்டியை நிறுத்தாமல் நேராக வீட்டுக்குத்தானே போவார்.